கோடையில் எகிறிய தேர்ச்சி: சான் ஹோசேயின் 150 டாலர் வகுப்புகள்

2013-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் கல்லூரி இயற்கணிதப் பாடத்தை ஆன்லைனில் இரண்டு முறை நடத்தியது. வசந்தப் பருவத்தில் 25.4 சதவீதம் பேர்தான் தேறினார்கள். அடுத்து வந்த கோடைப் பருவத்தில் 72.6 சதவீதம் பேர் தேறினார்கள். நேரில் நடக்கும் அதே பாடத்தின் வழக்கமான தேர்ச்சி 64.7 சதவீதம். ஒரு பருவத்துக்கு முன்பு வகுப்பறையின் பாதியைக்கூட எட்டாத ஆன்லைன் பாடம், கோடையில் வகுப்பறையையே முந்திவிட்டது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இன்று கோடைக்கால ஆன்லைன் பாடங்கள் வணிகம், தகவல் தொடர்பு, கல்வியியல் என்று பல துறைகளிலும் நடக்கின்றன. எந்தத் துறையானாலும், இந்த முறை வெற்றியா தோல்வியா என்ற பேச்சு வந்தால் யாராவது ஒரு தேர்ச்சி விகிதத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு சான் ஹோசேயில் அந்த ஒரே வருடத்தில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் அதை முழுசாகப் பார்ப்போம்.

எப்படித் தொடங்கியது

சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவில் இருக்கிறது. கலிஃபோர்னிய மாநிலப் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த வளாகங்களில் ஒன்று. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மாநில அரசு உயர்கல்வி நிதியைத் தொடர்ந்து வெட்டியது. கட்டணம் ஏறியது. எல்லோரும் எடுத்தே ஆக வேண்டிய அடிப்படைப் பாடங்களில் இடம் கிடைக்காமல் மாணவர்கள் காத்திருப்புப் பட்டியலில் நின்றார்கள். இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கல்லூரிக் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ தேவையான அடிப்படைத் தகுதி இல்லாமல் வந்தார்கள். அவர்களுக்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்காகும் பாட மதிப்பு, தராத சீர்படுத்தும் வகுப்புகள் தனியாக நடந்தன. அதில் தேறாவிட்டால் மேலே போக வழியில்லை. 2012 கோடையிலிருந்து, இப்படிப்பட்டவர்கள் முதல் பருவம் தொடங்குவதற்கு முன்பே, கோடையிலேயே அந்த வகுப்பைத் தொடங்கிவிட வேண்டும் என்ற விதியும் வந்திருந்தது.

அதே சமயத்தில் பக்கத்து ஸ்டான்ஃபோர்டில் வேறொன்று நடந்திருந்தது. 2011 இலையுதிர் காலத்தில் கணினி அறிவியலாளர்கள் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட, சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசிவரை முடித்தவர்கள் சுமார் 23,000 பேர். த்ரன் அதற்குப் பிறகு உடாசிட்டி என்ற ஆன்லைன் பாட நிறுவனத்தைத் தொடங்கினார். 1,60,000 என்ற எண்தான் செய்தியானது. முடிக்காமல் போன ஏறக்குறைய 1,37,000 பேர் யார், ஏன் போனார்கள் என்று கேட்க அன்று யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

2013 ஜனவரி 15 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன், பல்கலைக்கழகத் தலைவர் முகமது கயூமி, த்ரன் மூவரும் சேர்ந்து திட்டத்தை அறிவித்தார்கள். சீர்படுத்தும் கணக்கு, கல்லூரி இயற்கணிதம், அடிப்படைப் புள்ளியியல் என மூன்று பாடங்கள். ஒரு பாடத்துக்குக் கட்டணம் 150 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் எட்டாயிரம் ரூபாய். பாடத்துக்கு 100 பேர், மொத்தம் 300 பேர் என்று வரம்பு வைத்தார்கள். காணொளிகளையும் பயிற்சிகளையும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உடாசிட்டியும் சேர்ந்து தயாரிப்பார்கள். உதவிக்கு ஆன்லைன் வழிகாட்டிகள் இருப்பார்கள். தேறினால் முறையான கல்லூரிக் கிரெடிட் கிடைக்கும். அதுவரை இந்த வகைத் திறந்த இணையப் பாடங்கள் பெரும்பாலும் ஒரு சான்றிதழோடு நின்றுவிட்டன. கிரெடிட்டும் தருவோம் என்று ஒரு அரசுப் பல்கலைக்கழகம் துணிந்ததுதான் புதுமை. அந்தத் துணிச்சலை நான் குறை சொல்ல மாட்டேன். இடமில்லாமல் வெளியே நிற்கும் பிள்ளைக்குக் குறைந்த செலவில் ஒரு கதவு திறக்க வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம்தான்.

வசந்தப் பருவத்தில் உட்கார்ந்தவர்கள்

இடங்களில் ஏறக்குறைய பாதி பல்கலைக்கழகத்தின் சொந்த மாணவர்களுக்குப் போனது. மீதி வெளியாட்களுக்கு. வெளியாட்களில் ஓக்லண்ட் மிலிட்டரி இன்ஸ்டிடியூட் என்ற உயர்நிலைப் பள்ளியின் மாணவர்களும் உண்டு. பெயர் அப்படி இருந்தாலும் அது அரசு நிதியில் நடக்கும் சார்ட்டர் பள்ளி. பிரவுன் ஓக்லண்ட் மேயராக இருந்தபோது உருவாக்கியது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் இடம். சில பிள்ளைகளுக்கு வீட்டில் கணினியோ நல்ல இணைய இணைப்போ இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது.

சீர்படுத்தும் கணக்கில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்களின் நிலை இன்னும் கவனிக்க வேண்டியது. அவர்கள் எல்லோரும் அதே வகுப்பில் ஏற்கெனவே ஒரு முறை தோற்றவர்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அரியர் வைத்தவர்கள். அதாவது, ஆசிரியர் எதிரில் நின்று நடத்தியபோதே பிடிபடாத கணக்கை, காணொளி பார்த்துத் தானே படித்துத் தேறிவிடு என்று அவர்களிடம் சொன்னார்கள்.

தயாரிப்பும் அவசர அவசரமாக நடந்தது. ஜனவரி நடுவில் அறிவிப்பு, அதே மாதக் கடைசியில் பாடம். பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த அலகுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கெடு தேதிகள் மாணவர்களுக்கு முதலிலிருந்தே தெளிவாகப் போய்ச் சேரவில்லை. சிலர் பாதிப் பருவம் கடந்த பிறகுதான் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்று உணர்ந்தார்கள்.

சி கிரேடோ அதற்கு மேலோ வாங்கினால் தேர்ச்சி. முடிவில் சீர்படுத்தும் கணக்கில் 23.8 சதவீதம், இயற்கணிதத்தில் 25.4, புள்ளியியலில் 50.5. நேரடி வகுப்புகளில் இதே பாடங்களின் தேர்ச்சி முறையே 45.5, 64.7, 76.3. ஜூலையில் முதல் விவரங்கள் வெளியானபோது, இலையுதிர் பருவத்துக்குத் திட்டத்தை நிறுத்தி வைப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பத்திரிகைகள் இதை ஆன்லைன் கல்வியின் தோல்வி என்றே எழுதின. ஜனவரியில் அதே பத்திரிகைகள் இதைப் புரட்சி என்று எழுதியிருந்தன.

கோடை

நிறுத்தி வைக்கும் அறிவிப்பு வந்தபோது கோடை வகுப்புகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. மூன்று பாடங்களோடு பொது உளவியல், நிரலாக்க அறிமுகம் என்ற இரண்டும் சேர்ந்திருந்தன. சேர்க்கைக் கதவும் அகலமாகத் திறந்திருந்தது. எங்கிருந்தும் யாரும் 150 டாலர் கட்டிச் சேரலாம். உடாசிட்டி சில திருத்தங்களும் செய்திருந்தது. பயிற்சிக் கேள்விகளில் சிக்கிக்கொள்பவர்களுக்குக் குறிப்புகள் தந்தார்கள். எந்த வாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே காட்டினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. புள்ளியியல் 83 சதவீதம். இயற்கணிதம் 72.6. நிரலாக்கம் 70.4. உளவியல் 67.3. சீர்படுத்தும் கணக்கு 29.8. புள்ளியியல், இயற்கணிதம், நிரலாக்கம் மூன்றிலும் நேரடி வகுப்பைவிட அதிகத் தேர்ச்சி. சில வாரங்களுக்கு முன்பு மூடுவிழா நடத்தியவர்கள் இப்போது ஆன்லைன் கல்வி மீண்டெழுந்தது என்றார்கள்.

இந்த இடத்தில்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். பாடத்தில் செய்த திருத்தங்களால் கொஞ்சம் பலன் வந்திருக்கும், அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் 25-இலிருந்து 72-க்கு ஏற ஒரு குறிப்புப் பட்டனும் நினைவூட்டல் மின்னஞ்சலும் போதாது. கோடையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். கல்லூரி என்றால் என்ன, கெடு என்றால் என்ன, தானே உட்கார்ந்து படிப்பது எப்படி என்று தெரிந்தவர்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ ஒரு புள்ளியியல் கிரெடிட் தேவைப்பட்டவர், பழைய கணக்கை ஒரு முறை தூசி தட்ட நினைத்தவர் இப்படிப்பட்டவர்கள் அதில் இருந்திருப்பார்கள். வசந்தத்தில் உட்கார்ந்த ஓக்லண்ட் பள்ளிப் பிள்ளைக்கும் இவர்களுக்கும் பொதுவாக இருந்தது பாடத்தின் பெயர் மட்டும்தான்.

அடுத்தது, விலகியவர்கள். வசந்தத்தில் 83 சதவீதம் பேர் கடைசிவரை இருந்தார்கள். கோடையில் 60 சதவீதம் பேர்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் குறிப்பிட்ட தேதிக்குள் பாடத்திலிருந்து விலகிவிட்டால் அது தோல்வியாகப் பதிவாகாது. தேறமாட்டோம் என்று தோன்றியவர்கள் முன்பே கழன்றுகொள்ளும்போது, மிஞ்சியவர்களின் தேர்ச்சி தானாகவே உயர்ந்து தெரியும். கோடைப் பருவத்தில் இது சாதாரணமாக நடப்பதுதான். பட்டத்துக்கான கட்டாயமாக இல்லாமல் தானே விரும்பி எடுத்த பாடத்தை விடுவது சுலபம். அதனால் ஒரு கோடை வகுப்பின் தேர்ச்சி விகிதத்தை யாராவது சொன்னால், முதல் வாரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பது என் வழக்கம். அந்த எண் கையில் இல்லாமல் தேர்ச்சி விகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது விஷயம் எனக்கு மிக முக்கியமானது, ஆனால் அன்றைய செய்திகளில் ஓரமாகப் போய்விட்டது. சீர்படுத்தும் கணக்கு. மற்ற பாடங்கள் எல்லாம் துள்ளிக் குதித்தபோது அது 23.8-இலிருந்து 29.8-க்குத்தான் நகர்ந்தது. நேரடி வகுப்பின் 45.5 எட்டாத உயரத்திலேயே இருந்தது. அதே நிறுவனம், அதே தொழில்நுட்பம், அதே திருத்தங்கள், அதே கோடை. இந்தத் திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ, அந்த மாணவர்கள் எடுக்க வேண்டிய பாடம் இதுதான். அவர்களுக்குத்தான் இது உதவவில்லை.

ஆய்வு சொன்னது

தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் வசந்தப் பருவத்தைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு நடந்தது. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்கள் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்காக வேலை செய்யும் ஆர்.பி. குரூப் அதைச் செய்து 2013 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. ஒரு மாணவர் தேறுவாரா என்பதை எது அதிகம் தீர்மானித்தது என்று தேடியதில், வயதோ இனமோ முன்னால் வரவில்லை. அவர் எவ்வளவு உழைத்தார் என்பதே முன்னால் வந்தது. குறிப்பாக, எத்தனை பயிற்சித் தொகுப்புகளைச் செய்து அனுப்பினார் என்பது. உதவிச் சேவைகள் இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும் அறிக்கையில் இருந்தது.

உழைத்தவன் தேறினான் என்றால் இதில் என்ன கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். ஆனால் இதைச் சோம்பேறித்தனத்தின் கதையாகப் படிப்பதை நான் ஏற்க மாட்டேன். உழைப்பு வானத்திலிருந்து வருவதில்லை. மூன்றாவது வாரம் ஒரு பயிற்சியை அனுப்பாத மாணவனை வகுப்பறையில் ஆசிரியர் பார்த்துவிடுவார், "என்னப்பா, ஆளையே காணோம்?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வியால் பருவத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். வசந்தப் பருவத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய இடத்தில் ஒரு மென்பொருள் பலகை இருந்தது. அதில் உதவிப் பட்டன் இருந்தது. அதை அழுத்தத் தெரிந்தவர்கள் உதவி அதிகம் தேவைப்படாதவர்கள்.

இதே வளாகத்தில் இதற்கு நேர் எதிரான அனுபவமும் இருந்தது. 2012 இலையுதிர் பருவத்தில் எடெக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளம் வழியாக வந்த எம்ஐடியின் மின்சுற்றுப் பாடத்தின் காணொளிகளை மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி பேராசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முன்பு 60 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த தேர்ச்சி அந்த ஒரு பிரிவில் 91 சதவீதமானது. ஒரே ஒரு வகுப்பு, பொறியியல் மாணவர்கள், ஆர்வம் மிக்க ஓர் ஆசிரியர். ஆகையால் இதை வைத்து அதிகம் கட்டக்கூடாது. ஆனால் காணொளி நல்லதா கெட்டதா என்ற வாதம் இங்கே தேவையில்லாதது என்பதை இது காட்டுகிறது. காணொளி ஓடி முடிந்த பிறகு பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி. அதே வளாகத்தின் தத்துவத் துறை, ஹார்வர்டின் காணொளிப் பாடம் ஒன்றைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்து 2013 ஏப்ரலில் திறந்த கடிதம் எழுதியதற்கும் அடிப்படையில் இந்தக் கவலைதான்.

வணிகம், பேச்சு, ஆசிரியர் பயிற்சி

கணக்குக்கு மட்டும்தான் இது பொருந்தும், வணிகம் போன்ற பாடங்களுக்கு ஆன்லைன் சரிப்படும் என்று ஒரு வாதம் உண்டு. டெவ்ரை பல்கலைக்கழகத்தை வைத்து எரிக் பெட்டிங்கர் உள்ளிட்ட நால்வர் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். டெவ்ரை அமெரிக்கா முழுவதும் வளாகங்கள் வைத்திருந்த லாப நோக்குக் கல்லூரி. அங்கே அதிகம் பேர் எடுத்த பிரிவுகளில் வணிக மேலாண்மையும் ஒன்று. ஒவ்வொரு பாடமும் நேரிலும் ஆன்லைனிலும் நடந்தது. பாடத்திட்டம், புத்தகம், தேர்வு எல்லாம் ஒன்றே. பல ஆசிரியர்கள் இரண்டையும் நடத்தினார்கள். இவ்வளவு நேர்த்தியாக ஒப்பிட வசதியான இடம் அபூர்வம். 2,30,000-க்கு மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளைப் பார்த்ததில், ஒரு பாடத்தை ஆன்லைனில் எடுத்தால் நான்கு புள்ளி அளவுகோலில் 0.44 புள்ளி மதிப்பெண் இறங்கியது. சராசரி மாணவருக்கு பி மைனஸ் கிடைக்க வேண்டிய இடத்தில் சி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த பாடங்களிலும் அந்தச் சரிவு தொடர்ந்தது. அடுத்த பருவத்துக்கு வராமல் போகும் வாய்ப்பும் கூடியது. முன்பே நன்றாகப் படித்தவர்களுக்கு இழப்பு குறைவு, பின்தங்கியவர்களுக்கு அதிகம்.

வாஷிங்டன் மாநிலக் கம்யூனிட்டி காலேஜ்களில் 40,000-க்கு மேற்பட்டவர்கள் எடுத்த ஏறக்குறைய 5,00,000 பாடப் பதிவுகளை வைத்து டி ஷூ, ஷான்னா ஜாகர்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்டதும் இதையே சொன்னது. ஆன்லைனில் எல்லோருக்கும் கொஞ்சம் சரிவு. ஆண்கள், வயதில் இளையவர்கள், கறுப்பின மாணவர்கள், குறைந்த மதிப்பெண்ணோடு வந்தவர்கள் ஆகியோருக்கு அதைவிடப் பெரிய சரிவு. நேரில் ஏற்கெனவே இருக்கும் இடைவெளி ஆன்லைனில் இன்னும் விரிகிறது.

கோடை இதன் மேல் இன்னொரு சுமையை வைக்கிறது, அது நேரம். அமெரிக்கக் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்றால் 15 வாரங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 135 மணி நேரம். வழக்கமான பருவத்தில் அது வாரம் 9 மணி நேரம். அதையே ஆறு வாரக் கோடையில் அடைத்தால் வாரம் 22.5 மணி நேரம். ஐந்து வாரம் என்றால் 27. பகலில் கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஆறு வாரத்தில் இரண்டு பாடங்கள் எடுக்கும் மாணவன் வாரம் 45 மணி நேரத்தை எங்கிருந்து கொண்டுவருவான்? 15 வாரத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எழுந்து சமாளிக்கலாம். ஐந்து வாரத்தில் ஒரு வாரம் போனால் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சேர்க்கைப் பக்கங்களில் "விரைவாக முடிக்கலாம்" என்று போடுகிறார்கள். இந்த வாரக் கணக்கையும் பக்கத்திலேயே போட்டால்தான் அது நேர்மை.

தகவல் தொடர்புத் துறையில் மேடைப் பேச்சுப் பாடத்தைப் பாருங்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டத்துக்கு இது கட்டாயம். ஆன்லைனில் எடுப்பவர்களிடம், வயது வந்த சிலரை எதிரில் உட்காரவைத்துப் பேசி, அவர்களும் படத்தில் தெரியும்படி பதிவு செய்து அனுப்பு என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எதிரில் ஆள் இல்லாமல் கேமராவிடம் மட்டும் பேசினால் பேச்சுப் பயிற்சியே ஆகாது என்பது சரியான முடிவு. ஆனால் கோடையில் எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில் அந்தச் சில பேரைச் சேர்ப்பதே சிலருக்குப் பாடத்தைவிடக் கஷ்டம். இப்படிச் சின்னதாகத் தெரியும் தேவைகளில்தான் ஆன்லைன் பாடம் பலரைக் கழித்துவிடுகிறது.

கல்வியியல் கதை இதிலிருந்து வேறு. கோடை வகுப்பு என்ற ஏற்பாடே ஆசிரியர்களோடு சேர்ந்து வளர்ந்தது. ஹார்வர்டின் கோடைப் பள்ளி 1871-இல் தொடங்கியது. 1874-இல் நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்குவா ஏரிக்கரையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி தொடங்கியது. பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் வந்து படிக்கும் பழக்கம் அப்படியே வேரூன்றியது. இன்றும் அமெரிக்காவின் பல பள்ளி மாவட்டங்களில் ஆசிரியர் கூடுதல் கிரெடிட் சேர்த்தால் சம்பளம் ஒரு நிலை ஏறும். உரிமத்தைப் புதுப்பிக்கவும் படிப்பு தேவை. அதனால் கோடைக் கல்வியியல் பாடத்தில் உட்காருபவர் பட்டம் பெற்று, பத்து வருடம் வகுப்பறை பார்த்தவராக இருக்கலாம். அவருக்கு ஆன்லைன் ஒரு வரம். பிள்ளைகளை விட்டுவிட்டு வளாகத்துக்குப் போக வேண்டியதில்லை. அந்த வகுப்பின் தேர்ச்சி 95 சதவீதமாக இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணைக் காட்டி, அரியர் வைத்த 18 வயதுப் பையனுக்கும் இதே முறை சரி என்று ஒரு நிர்வாகம் முடிவெடுத்தால், சான் ஹோசே வசந்தத்தில் எங்கே போய் நின்றதோ அங்கேதான் போய் நிற்கும்.

உடாசிட்டி அடுத்து எடுத்த பாதையும் இதைத்தான் காட்டுகிறது. ஏடி அண்ட் டி தொலைத்தொடர்பு நிறுவனத்தோடும் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து கணினி அறிவியலில் ஓர் ஆன்லைன் முதுகலைப் பட்டத்தை 2014 ஜனவரியில் தொடங்கினார்கள். மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர். விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 34, பெரும்பாலும் வேலையில் இருந்தவர்கள். அதே பட்டத்தின் நேரடிப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 24. அந்தத் திட்டம் நன்றாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. வணிகத்தில் இலினாய் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய ஆன்லைன் எம்பிஏவும் அப்படியே வளர்ந்தது. 2019-இல் வளாகத்தில் நடந்த முழுநேர எம்பிஏவுக்குப் புதுச் சேர்க்கையை நிறுத்துவதாகவே அறிவிக்கும் அளவுக்கு. இரண்டிலும் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே கல்லூரியைத் தாண்டி வந்தவர்கள்.

நம் பக்கம்

இந்தியாவில் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் 2017 ஜூலையில் முறையாகத் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகளின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதன் வழியாக எடுத்துக் கிரெடிட் பெறலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்கள் ரொம்ப நாளாகவே புழக்கத்தில் உள்ளன. அங்கே பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில் மையத்தில். இந்த ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை தரும் அம்சம், கல்லூரியிலேயே ஒரு ஆசிரியரை மெண்டராக வைக்க இடம் இருப்பது. அவர் வாராவாரம் அசைன்மெண்ட் அனுப்பாதவர்களின் பட்டியலை எடுத்துக் கூப்பிட்டுப் பேசினால், சான் ஹோசேயில் விடுபட்டது இங்கே கிடைத்துவிடும். பெயருக்கு மெண்டர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் கிடைக்காது. கல்லூரிகள் இந்த வேலையை ஆசிரியரின் பணி நேரத்தில் கணக்கெடுக்க வேண்டும். வகுப்பு எடுக்கும் நேரம் மிச்சமாகிறது என்று சொல்லி அவர் தலையில் வேறு வேலையைக் கட்டக்கூடாது.

தேர்ச்சி அறிக்கை கேட்கும் பெற்றோரும் கல்விக் குழுக்களும் சேர்க்கை நாளில் எத்தனை பேர், விலகும் தேதியில் எத்தனை பேர், அதில் முதல் முறை எடுப்பவர் எத்தனை, அரியர் எத்தனை என்று பிரித்துக் கேட்கலாம். இந்த விவரம் எல்லாக் கல்லூரி அலுவலகத்திலும் இருக்கிறது, யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பிறகு நடந்தது

2013 நவம்பரில் வெளியான ஒரு பத்திரிகைப் பேட்டியில் த்ரன், தங்களிடம் இருந்தது மட்டமான தயாரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். சான் ஹோசேயில் சேர்ந்த மாணவர்கள் கடினமான சூழலிலிருந்து வந்தவர்கள், நல்ல கணினி வசதிகூட இல்லாதவர்கள், அவர்களுக்கு இந்த ஊடகம் பொருந்தவில்லை என்றார். முதல் பாதியில் நேர்மை இருக்கிறது, மதிக்கிறேன். இரண்டாவது பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. பொருந்தாதவர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பொருந்தும்படி பாடத்தை மாற்றுவதுதான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் வேலை. நிறுவனம் அதற்குப் பிறகு வேலை செய்பவர்களுக்கான தொழிற்பயிற்சிகளின் பக்கம் திரும்பிவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் நிற்கும் மாணவர்களுக்கு வெளி நிறுவனங்களின் ஆன்லைன் பாடத்தையும் கிரெடிட்டாக ஏற்க வேண்டும் என்று கலிஃபோர்னிய செனட்டில் டாரல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த மசோதாவும் அந்த ஆண்டே கிடப்பில் போனது.

2014 வசந்தத்தில் சான் ஹோசே ஆன்லைன் வகுப்புகளை மறுபடி சிறிய அளவில் தொடங்கியது. இந்த முறை பல்கலைக்கழகமும் அதன் ஆசிரியர்களும் பாடத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். புள்ளியியல், நிரலாக்கம், உளவியல் மூன்றும் பட்டியலில் இருந்தன. சீர்படுத்தும் கணக்கு இல்லை. அந்தக் கணக்கு மாணவர்களின் பிரச்சினைக்கு 2017-இல்தான் வேறு வழியில் பதில் வந்தது. மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு கிரெடிட் இல்லாத சீர்படுத்தும் வகுப்புகளை அடியோடு நிறுத்த உத்தரவிட்டது. 2018 இலையுதிர் பருவத்திலிருந்து அந்த மாணவர்கள் நேராகக் கிரெடிட் உள்ள கணக்கு வகுப்பிலேயே சேர்ந்தார்கள், கூடுதல் உதவி தேவைப்பட்டவர்களுக்கு அது பாடத்தோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது.